செருப்பு அளவைச் சொல்லி சாக்ஸ் வாங்காதீர்கள்

வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 47 வயது. தென் மாவட்ட நகரம் ஒன்றில் பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் 16 வருடமாக விற்பனை வேலை. காலை ஒன்பதரை மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பது மணி வரை நிற்பதுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். இரண்டு பிரசவத்துக்குப் பிறகு இடது கெண்டைக்காலில் நரம்பு புடைத்து நெளிந்திருக்கிறது. இப்போது இடது கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகி அரிக்கவும் செய்கிறது. சாயங்காலம் இரண்டு காலும் வீங்குகின்றன, இடது கால் அதிகம். சர்க்கரை நோய் ஆறு வருடமாக இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் பிபிக்கு அம்லோடிபின் மாத்திரை தொடங்கினார்கள், அதற்குப் பிறகு வீக்கம் கூடிவிட்டதுபோலத் தெரிகிறது என்கிறார்.

கூட வேலை செய்பவர் சொன்னார் என்று ஆன்லைனில் 450 ரூபாய்க்கு முழங்கால் வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கியிருக்கிறார், 'ஃப்ரீ சைஸ்'. முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்க, மேல் விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருக்கிறார். மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போய்விட்டன. வீட்டுக்கு வந்து கழற்றினால் கொலுசின் அச்சு அப்படியே தோலில் பதிந்திருந்ததாம். இனி அவருடைய கேள்விகள்: "என் செருப்பு அளவு 7. நான் எம் வாங்க வேண்டுமா, எல் வாங்க வேண்டுமா? எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்கிறார்களே? ராத்திரியும் போட்டுத் தூங்கலாமா? போட்டால் நரம்புச் சுருட்டு போய்விடுமா? எங்கள் அம்மாவுக்கு 72 வயது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் சரியாகிறது. பாதம் எப்போதும் சில்லென்று இருக்கும். எனக்குச் சேராத இந்த சாக்ஸை அவருக்குக் கொடுத்துவிடலாமா?"

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு இருப்பது உங்களுக்கு இருப்பதற்கு ஏறக்குறைய நேரெதிரான நோயாக இருக்கலாம். நடந்தால் இழுத்துப் பிடிப்பதும் நின்றால் விடுவதும் பாதம் சில்லிட்டிருப்பதும், இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் அடைப்பு இருப்பதன் அடையாளங்கள். ஏற்கெனவே குறைவாக ரத்தம் போகும் காலை வெளியிலிருந்தும் நெருக்கினால், போகிற கொஞ்சமும் நின்றுபோய் விரலும் தோலும் கறுத்துவிடக்கூடும். நான் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. "கால் வலிக்குதுன்னு சாக்ஸ் போட்டுவிட்டோம்" என்று சொல்லிக் குதிகாலில் கறுத்த புண்ணோடு அழைத்து வரப்பட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வாரமே அவரை ரத்தநாள மருத்துவரிடம் காட்டுங்கள். அருகில் அப்படி யாரும் இல்லையென்றால், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டுக்கொள்கிறாரா, வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா என்பதை மறக்காமல் அங்கே சொல்லுங்கள்.

இனி உங்கள் காலுக்கு வருவோம்.

அது நரம்பு இல்லை

எல்லோரும் நரம்புச் சுருட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் நிறையப் பேர் நரம்புத் தளர்ச்சிக்கான மாத்திரையையும் வைட்டமின் ஊசியையும் போட்டுக்கொண்டு வருடங்களைக் கடத்திவிடுகிறார்கள். புடைத்துத் தெரிவது சிரை, அதாவது காலிலிருந்து ரத்தத்தை மேலே இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். அதற்குள் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள்போல வால்வுகள் இருக்கின்றன. நீங்கள் நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும், வால்வுகள் அது திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும். வால்வு பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும்.

ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 வரை இருக்கும். பிபி பார்க்கும்போது 120, 80 என்கிறோமே, அதே பாதரச மில்லிமீட்டர் கணக்குதான். வால்வு நன்றாக இருப்பவர் நடக்க ஆரம்பித்ததும் அது 30க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு அப்படி இறங்காது. நீங்கள் 16 வருடமாக நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பழுப்பு நிறம், அழுத்தம் தாங்காமல் நுண்குழாய்களிலிருந்து கசிந்த ரத்தத்தின் இரும்புச் சத்து தோலில் படிந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள். அந்த இடத்தில் சின்னக் கீறல் பட்டாலும் ஆறாத புண்ணாக மாறலாம். உங்கள் பிரச்சினை ஆரம்பக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

சாக்ஸுக்கு முன் மூன்று காரியங்கள்

கால் வீக்கம் எல்லாமே சிரையால் வருவதில்லை. அம்லோடிபின் மாத்திரை கணுக்காலை வீங்க வைக்கும், இது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு, அதுவும் பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். நீங்கள் சொல்லும் தேதிகள் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பிபி ஏறிக்கொண்டால் அது வேறு ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம், "மாத்திரை தொடங்கிய பிறகு வீக்கம் கூடியிருக்கிறது, வேறு மாத்திரை மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். அவரிடமே சிறுநீரகம், தைராய்டு, இதயம் ஆகியவற்றுக்கான அடிப்படைப் பரிசோதனைகளையும் முடித்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் வந்த வீக்கத்துக்கு சாக்ஸ் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

இரண்டாவது, காலின் தமனி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் பிபி எடுத்து, கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுப்பார்கள். வலி இல்லாத பரிசோதனை, கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். 0.9க்கு மேல் 1.3க்குள் வந்தால் பொதுவாக நிம்மதி. 0.8க்குக் கீழே என்றால் ரத்தநாள மருத்துவர் சொல்லாமல் அழுத்தமான சாக்ஸ் எதையும் தொடக்கூடாது, 0.5க்குக் கீழே என்றால் சாக்ஸ் என்ற பேச்சே வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால் எண் 1.3, 1.4 என்று பொய்யாக ஏறி நிற்கும். அதைப் பார்த்து "அருமையாக இருக்கிறது" என்று அனுப்பிவிடக்கூடாது, கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும். அப்படியே பாதத்தின் உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். மதியத்துக்குள் விரல் மரத்தது சாக்ஸாலா, சர்க்கரையாலா, இரண்டாலுமா என்பது தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது, இடது காலுக்கு டாப்ளர் ஸ்கேன். எந்த வால்வு கெட்டிருக்கிறது, சதைக்குள் ஆழமாக ஓடும் உள்சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதை அது காட்டிவிடும். வருடக்கணக்கில் மெதுவாக வந்த வீக்கம் வேறு, ஒரே காலில் திடீரென்று வலியோடும் சூட்டோடும் வருகிற வீக்கம் வேறு. அப்படி வந்தால், அதோடு மூச்சும் திணறினால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இவையெல்லாம் முடியும் வரை அந்த 450 ரூபாய் சாக்ஸ் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இறுக்கம் என்றால் எங்கே இறுக்கம்?

நல்ல கம்ப்ரஷன் சாக்ஸ் கணுக்காலில்தான் அதிகமாக அழுத்தும், மேலே போகப் போக அழுத்தம் குறையும். அப்போதுதான் ரத்தம் மேல்நோக்கி நகரும். உங்கள் சாக்ஸ் செய்தது இதற்கு நேர்மாறு: கணுக்காலில் தளர்ச்சி, முழங்காலுக்குக் கீழே கட்டு. அதன் மேல் நீங்கள் போட்ட மடிப்பு அந்த ஒரு வளையத்தில் அழுத்தத்தை இன்னும் பெருக்கிவிட்டது. ஊசி போட ரத்தம் எடுக்க கையில் ரப்பர் கட்டுவார்களே, அதைக் காலையிலிருந்து மதியம் வரை காலில் கட்டிக்கொண்டு நின்ற மாதிரிதான். மேல் விளிம்பை ஒருபோதும் மடிக்காதீர்கள். நீளம் மிஞ்சுகிறது என்றால் அளவு தவறு என்று அர்த்தம்.

எவ்வளவு அழுத்தம் என்பதை அட்டைப்பெட்டியில் பாதரச மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். கால் அசதிக்கும் லேசான வீக்கத்துக்கும் 15 முதல் 20 போதும், நீண்ட அறுவை சிகிச்சை இருக்கிற நாள்களில் நானும் இதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறேன். உங்களைப்போலத் தோல் நிறம் மாறியவர்களுக்கு, தமனி நன்றாக இருந்தால், 20 முதல் 30 வரை உள்ளதை வழக்கமாக எழுதிக்கொடுப்போம். 30க்கு மேல் போவதெல்லாம் மருத்துவர் சொல்லி, மருத்துவர் பார்வையில். 'கிளாஸ் 2' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், ஜெர்மன் கணக்கில் அது 23 முதல் 32, பிரிட்டிஷ் கணக்கில் 18 முதல் 24. பெயர் ஒன்றுதான், சாக்ஸ் வேறு. எண்ணைப் பாருங்கள். எண்ணே போடாத பெட்டியை வாங்காதீர்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களுக்கு மருத்துவமனையில் வெள்ளை நிறத்தில் ஒன்று மாட்டிவிடுவார்கள். அது படுக்கையில் இருப்பவர்களுக்கு ரத்தக்கட்டி வராமலிருக்கச் செய்தது. உறவினர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று வாங்கிவந்து கடையில் போட்டுக்கொண்டு நிற்பதில் பயனில்லை.

இஞ்ச் டேப் எடுங்கள்

'ஃப்ரீ சைஸ்' ரவிக்கை எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலும் அப்படித்தான். செருப்பு அளவு பாதத்தின் நீளத்தைச் சொல்லும், கணுக்காலின் சுற்றளவைச் சொல்லாது. 7ஆம் நம்பர் செருப்புப் போடும் இரண்டு பேரின் கணுக்காலில் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம்.

காலையில் எழுந்ததும், வீட்டு வேலையைத் தொடங்கும் முன், வீக்கம் வடிந்திருக்கும்போது அளவெடுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக்கடையில் அளவு கொடுத்தால் வீங்கிய காலுக்கு சாக்ஸ் வாங்கிவருவீர்கள், மறுநாள் காலையில் அது தொளதொளவென்று கணுக்காலில் சுருண்டு நிற்கும். கொலுசைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதியுங்கள், முழங்கால் செங்கோணத்தில் மடிந்திருக்கட்டும். கணுக்கால் மொட்டுக்குச் சற்று மேலே கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. கெண்டைக்கால் மிகப் பருமனாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்று. அப்புறம் குதிகாலின் கீழிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை நீளம். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. சென்டிமீட்டரில் எழுதுங்கள். இரண்டு காலுக்கும் தனித்தனியாக எடுங்கள், உங்கள் இடது கால் வலதைவிட ஒரு சைஸ் பெரிதாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பிறகு அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையைப் பாருங்கள். ஒருவருடைய எம் இன்னொருவருடைய எல்லாக இருக்கும், அதனால் எம்மா எல்லா என்று நீங்கள் கேட்டதற்கு அட்டவணை இல்லாமல் நான் பதில் சொல்ல முடியாது. கணுக்கால் எம் என்றும் கெண்டைக்கால் எல் என்றும் வந்தால், நம்மில் நிறையப் பேருக்கு அப்படி வரும், சௌகரியமாக இருக்கட்டும் என்று எல் எடுத்துவிடாதீர்கள். அழுத்தம் வேலை செய்ய வேண்டிய இடம் கணுக்கால், அந்த அளவை விட்டுக்கொடுக்கக்கூடாது. கெண்டைக்கால் மட்டும் அகலமாக வரும் வகை சில நிறுவனங்களில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அதுவும் சேரவில்லையென்றால் காலுக்கு அளவெடுத்தே செய்து தருவார்கள், விலை கூடும். நீளத்திலும் குட்டை, சாதாரணம் என்று இரண்டு உண்டு. தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை சுமார் 38 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குட்டை வகையைக் கேட்டுப் பாருங்கள். சாக்ஸின் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்.

விரல் திறந்த வகையை வாங்குங்கள் என்பது உங்களுக்கு என் ஆலோசனை. சர்க்கரை இருப்பதால் விரலின் நிறத்தை அவ்வப்போது பார்க்க முடியும், மெட்டி துணியைக் கிழிக்காது, கட்டைவிரல் வளையம் வைத்த செருப்பையும் போட்டுக்கொள்ளலாம். கொலுசை மட்டும் கழற்றித்தான் ஆக வேண்டும். சாக்ஸுக்குள் மாட்டிய கொலுசின் ஒவ்வொரு மணியும் தோலைக் குத்தும், உணர்ச்சி குறைந்த காலில் அது புண்ணாகிய பிறகுதான் உங்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகும்போது கழற்றி, வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

போடுவதும் கழற்றுவதும்

காலையில் படுக்கையிலிருந்து இறங்கியதும் போடுவது நல்லது. குளித்துவிட்டுப் போடுவதானால் காலை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, கொஞ்ச நேரம் நீட்டிப் படுத்துவிட்டுப் போடுங்கள். சாக்ஸுக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்கார வைத்த பிறகு, விளிம்பைப் பிடித்து இழுக்காமல் உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவி ஏற்றுங்கள். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் துணி வழுக்காமல் ஏறும், நகமும் கீறாது. கணுக்காலில் ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது. தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் அதை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணெய் சாக்ஸின் ரப்பர் இழையைக் கெடுத்துவிடும்.

முதல் நாளில் இரண்டு மணி நேரம் போதும். கணுக்காலில் யாரோ உறுதியாகப் பிடித்திருப்பதுபோல் இருந்தால் சரி. விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ வலித்தாலோ அந்த நிமிடமே கழற்றுங்கள், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் கழற்றியதும் குதிகாலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

ராத்திரி வேண்டாம். படுத்திருக்கும்போது சிரையில் அழுத்தம் தானாகவே இறங்கிவிடுகிறது. காலுக்குக் கீழே ஒரு தலையணை போதும். உங்கள் அம்மாவுக்கு இந்தத் தலையணை யோசனையும் வேண்டாம், காலை உயர்த்தினால் அவருக்கு ரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். மிதமான சோப்பில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்து ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். தினமும் போட்டால் ஆறு மாதத்தில் இழுவிசை போய்விடும். போடுவது திடீரென்று சுலபமாகிவிட்டதே என்று தோன்றினால் சாக்ஸ் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

சுருட்டு போய்விடுமா?

போகாது. போட்டிருக்கும் வரை வீக்கமும் பாரமும் குறையும், தோல் மோசமாகாமல் தடுக்க உதவும். கெட்ட வால்வு மறுபடி நல்ல வால்வாக ஆகாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2013இல் வெளியிட்ட பரிந்துரையே, சிகிச்சை செய்ய முடிந்தவர்களுக்கு சாக்ஸை மட்டும் சிகிச்சையாகக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறது. உங்கள் டாப்ளரில் தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரையின் வால்வு கெட்டிருக்கிறது என்று வந்து, உள்சிரை நன்றாக இருந்தால், லேசர் அல்லது ரேடியோ அலை முறையில் அந்தச் சிரையை அடைத்துவிடலாம். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தச் சிரை ஏற்கெனவே ரத்தத்தைத் தப்பான பக்கம்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது, மேலே கொண்டுபோகும் வேலையைச் செய்வது உள்சிரைகள். தோல் பழுப்பான உங்களைப் போன்றவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது என்பது என் கருத்து.

ஒருவேளை புடைத்த சிரையில் அடிபட்டு ரத்தம் பீறிட்டால் பதறி ஓடாதீர்கள். அங்கேயே படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கிவைத்து, சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிடும். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.

உட்காருவது உங்கள் உரிமை

நான் வக்கீல் இல்லை, ஆனால் கால் பார்க்கும் எல்லா மருத்துவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சட்டம் இது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ளும்படி எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிக் கேட்டு, 2018இலேயே அங்கே சட்டம் திருத்தப்பட்டது. வேலையை நம்பி இருப்பவர் தனியாகப் போய்ச் சட்டம் பேசுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் "தொடர்ந்து நிற்கக்கூடாது" என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி மேலாளரிடம் கொடுங்கள், முடிந்தால் கூட வேலை செய்யும் நான்கு பேரோடு சேர்ந்து போங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம்.

ஸ்டூல் கிடைத்தாலும் நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வீக்கம் குறையாது. அரைமணிக்கு ஒருமுறை தளத்தில் ஒரு நடை நடங்கள். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது, கெண்டைக்கால் சதை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அம்மாவை எப்போது காட்டப் போகிறீர்கள் என்பதையும், பரிசோதனைகள் முடிந்த பிறகு ஒரு காலை நேரத்தில் எடுத்த உங்கள் ஆறு அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். அட்டவணையை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.